வாகன ஆசை வழிவழி வருமா?
திருச்செங்கோட்டில் கண்டதும் கேட்டதும்

ஈரோட்டிலிருந்து பள்ளிபாளையம் வழியாகக் காவிரியைக் கடந்து, கிழக்கு நோக்கிச் சுமார் 20 கிலோ மீட்டர் சென்றால் திருச்செங்கோடு வரும். ஊர் வருவதற்கு முன்பே அதன் மலை கண்ணில் படத் தொடங்கிவிடும். சமவெளியின் நடுவே தனித்தெழுந்து நிற்கும் செந்நிறக் குன்று அது. குன்றின் நிறமே ஊரின் பெயராயிற்று என்பர். மலைமீதுள்ள அர்த்தநாரீசுவரர் ஆலயத்தை நாடி இந்துச் சகோதரர்கள் நெடுங்காலமாக வந்து செல்கின்றனர். ஊரையடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டு இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர்ப் பணியையும் மதுவிலக்குப் பணியையும் அங்கிருந்து நடத்தினார். சேலம் மாவட்டத்திலிருந்த இவ்வூர், 1997ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்ததாக விளங்குகிறது. விசைத்தறிகளின் ஓசை தெருக்களில் கேட்கிறது. பொறியியல் கல்லூரிகளும் மகளிர் கல்லூரிகளும் ஊரைச் சுற்றிலும் எழுந்துள்ளன.

இவையெல்லாம் இருப்பினும், மத்தியப் பிரதேசத்திலோ இராஜஸ்தானிலோ உள்ள ஏதோவொரு சிற்றூரின் உழவர் இவ்வூரின் பெயரைக் கேள்வியுற்றிருப்பாராயின், அதற்குக் காரணம் வேறொன்றாகவே இருக்கும். அதுதான் ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரத்தைச் சுமந்து செல்லும் அந்தப் பெரிய லாரிகள், இவ்வூரின் பெயரைப் பக்கவாட்டில் எழுதிக்கொண்டு நாடெங்கும் திரிகின்றன. அண்டை நகரான நாமக்கல்லோ லாரிக்குக் கூடு கட்டும் தொழிலுக்கும், சமையல் எரிவாயு ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளுக்கும் பெயர் பெற்றது. வடக்கே சங்ககிரியும் லாரிகளின் ஊரே. ஆக இந்த வட்டாரம் முழுவதையும் வாகனத்தின் தாயகம் என்று கூறினால் மிகையாகாது.

இங்குப் பிறக்கும் ஆண் குழந்தை பொம்மை லாரியைக் கையில் பிடித்துக்கொண்டே நடை பழகுகிறது என்றும், வாகன ஆசை இவ்வூர்க்காரர்களின் இரத்தத்திலேயே ஊறியது என்றும் பெருமையாகப் பேசிக்கொள்கின்றனர். இது உண்மைதானா? தந்தையின் கண்ணிறமும் தாயின் முகச்சாயலும் பிள்ளைக்கு வருவதுபோல், வாகனத்தின் மீதுள்ள பற்றும் வழிவழியாக வருவதா? வருமெனில், வருவது எது? பிள்ளைகள் கையில் வண்டிச் சாவி ஏறும் காலத்தில் ஒவ்வொரு பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது. திருச்செங்கோட்டின் பட்டறைத் தெருக்களில் இதற்கான விடை கிடைக்கும் என்றே தோன்றியது.

வறட்சி பெற்ற பிள்ளை

முதலில் ரிக் வண்டியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். கொங்கு மண்ணின் அடியில் இருப்பது கடும்பாறை. காவிரி அருகில் ஓடினாலும், கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களுக்குக் கிணறே கதி. திறந்த கிணறுகளை முன்னோர் கையாலும், பின்னர் வெடி வைத்தும் ஆழப்படுத்தினர். மழை பொய்க்கப் பொய்க்க நீர்மட்டம் கீழிறங்கியது. கடப்பாரை தோற்ற இடத்தில் இயந்திரம் வந்தது. பாறையோடு போராடிப் பழகிய மக்கள் அந்த இயந்திரத்தை விரைவில் தம் வசமாக்கிக்கொண்டனர்.

ரிக் வண்டி இயங்கும் முறை வியப்பானது. லாரியின் பின்புறத்தில் படுத்திருக்கும் இரும்புக் கோபுரம், இடத்தை அடைந்ததும் நிமிர்ந்து நிற்கும். இருபது அடி நீளமுள்ள குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திருகி உள்ளே இறக்குவர். குழாயின் அடிநுனியில் சுத்தியல் போன்ற கருவியும், அதன் முனையில் கடினமான உலோகக் குமிழ்கள் பதித்த பிட்டும் இருக்கும். கம்பிரஸர் அனுப்பும் அழுத்தக் காற்று சுத்தியலை இயக்க, அது பாறையை இடைவிடாது இடித்துத் துகளாக்கும். அதே காற்று துகளை மேலே கொண்டுவந்து கொட்டும். வெண்புழுதி பறந்தால் பாறை இன்னும் வறண்டிருக்கிறது என்று பொருள். சேறாக வந்தால் நீரூற்று தட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். கூலி அடிக்கணக்கில் பேசப்படும். முன்பு சில நூறு அடிகளில் கிடைத்த நீர், இன்று பல இடங்களில் ஆயிரம் அடி தாண்டியும் கிடைப்பதில்லை.

ஒரு வண்டியோடு மற்றொரு லாரியும் செல்லும். அதில் குழாய்கள், டீசல், அரிசி, அடுப்பு, படுக்கை ஆகியவை இருக்கும். ஓட்டுநர், டிரில்லர், உதவியாளர்கள் என ஒரு சிறு குழுவே மாதக்கணக்கில் வண்டியோடு வாழும். ஆந்திரம், கருநாடகம், மராட்டியம் எனத் தொடங்கி, ஆப்பிரிக்க நாடுகள் வரையிலும் இவ்வட்டாரத்து ரிக்குகள் சென்றுள்ளன. ஒரு வண்டியின் விலை ஒரு குடும்பத்தின் பல தலைமுறைச் சேமிப்பையும் மிஞ்சும். ஆதலின் உறவினரும் நண்பரும் பங்கு சேர்ந்து வாங்குவதும் உண்டு.

ஆகவே திருச்செங்கோட்டாரின் வாகனப் பற்று பொழுதுபோக்கில் பிறந்ததன்று. வறட்சி பெற்ற பிள்ளை அது. தேவை முதலில் வந்தது. திறமை அதன் பின் வந்தது. ஆசை மூன்றாவதாக வந்து சேர்ந்தது. தேவையையும் திறமையையும் காணாத பேரப்பிள்ளைகள் ஆசையை மட்டும் கண்டு, அதனையே குடும்பச் சொத்தென்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை.

பெயரிலேயே வாகனம்

வாகனத்தைக் குடும்ப அடையாளமாகக் கொள்வது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. தமிழ் முஸ்லிம்களில் ஒரு பெரும் பிரிவினர் இராவுத்தர் எனப்படுகின்றனர். இச்சொல்லுக்குக் குதிரை வீரர் என்பது பொருள். மரைக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு இணைத்துப் பொருள் காண்பாரும் உளர். நிலத்தில் குதிரையும் நீரில் கப்பலுமாக, நம் முன்னோர் ஏறிய வாகனங்களே அவர்களுக்குப் பெயராகியிருக்கின்றன. திருச்செங்கோட்டைப் பாடிய அருணகிரிநாதர், தம் தெய்வத்தையே இராவுத்தன் என்று விளித்திருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டுத் தமிழில் அச்சொல் எத்துணை மதிப்போடு வழங்கியது என்பதற்கு அதுவே சான்று.

குதிரைகளின் குளம்பொலியை இந்த வட்டாரமும் அறியும். திருச்செங்கோட்டிற்கு வடக்கேயுள்ள சங்ககிரிக் கோட்டை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. திப்பு சுல்தான் 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி விட்டுக்கொடுக்க நேர்ந்த பகுதிகளில் சேலம் சீமையும் ஒன்று. குதிரைகள் ஏறி இறங்கிய அக்கோட்டையின் அடிவாரச் சாலையில் இன்று லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

குதிரை வாணிபத்தைப் பற்றிய ஒரு பழைய செய்தி நம் வினாவுக்கு நேராக விடை தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் குதிரைகள் வந்திறங்கியதைக் குறித்து வைத்துள்ளார். பாண்டிய மன்னரும் அவர்தம் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கினராம். ஆயினும் ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இறந்துபோயினவாம். காரணம், குதிரையைப் பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியவில்லை. குதிரைக்கு மருத்துவம் பார்ப்போரையும் இலாடம் அடிப்போரையும் வணிகர்கள் உடன் அழைத்து வருவதில்லை என்றும், வர விடுவதுமில்லை என்றும் அவர் எழுதுகிறார். குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் வாணிபம் நடக்கும்!

அந்தப் பயணியின் கணக்கில் சிறிது மிகை இருக்கலாம். ஆனால் அதன் உட்பொருள் கருதத் தக்கது. வாகனத்தை வாங்கும் ஆசைக்கு ஆசிரியர் தேவையில்லை. பொருள் கையில் இருந்தால் அது தானே வரும். பேணும் அறிவு அவ்வாறு வருவதில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு, நாள்தோறும், பொறுமையோடு மாற்றப்பட வேண்டியது அது.

பந்தயக் குடும்பங்கள்

தமிழகத்தில் வாகனப் பற்றால் பெயர் பெற்ற குடும்பங்கள் சில உண்டு. அவற்றையும் இவ்விடத்தில் நோக்குவோம்.

கோவையின் ஜி.டி. நாயுடு, 1920ஆம் ஆண்டு ஒரே ஒரு மோட்டார் பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். அப்பேருந்தைத் தாமே ஓட்டினார். பழுதைத் தாமே நீக்கினார். அவர் வழிவந்தோர் பல நாட்டுப் பழைய கார்களைத் திரட்டி, கோவை அவினாசி சாலையில் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்துள்ளனர். 2015ஆம் ஆண்டு முதல் அது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

அதே கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டு பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவர் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், ராலி பந்தயங்களில் பலமுறை வென்றவர். எனினும் தந்தையின் பெயரே மகனை அங்குக் கொண்டு சேர்த்துவிடவில்லை. 1992ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டுப் பந்தயப் பள்ளியொன்றில் சேர்ந்து நரேன் முறைப்படி பயின்றார். பதின்மூன்று ஆண்டு உழைப்பு அதன் பின் இருந்தது.

சென்னையின் சந்தோக் குடும்பத்தில் மூன்று தலைமுறை தொடர்கிறது. பாட்டனார் இந்து சந்தோக் சென்னையில் மோட்டார் பந்தயச் சங்கத்தை உருவாக்கியோருள் ஒருவர். மகன் விக்கி சந்தோக் பந்தய வீரராகவும் நிர்வாகியாகவும் விளங்கினார். பேரர் கருண் 2010ஆம் ஆண்டு பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடினார்.

நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு குடும்பமும் இவ்வரிசையில் உண்டு. சென்னையைச் சேர்ந்த அக்பர் இப்ராஹீம், சோழவரம், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களில் பெயர் பெற்றவர். பிற்காலத்தில் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கியவர். இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பதிலும் ஈடுபட்டவர். அவர் மகன் அர்மான் இப்ராஹீம், 2005-06ஆம் ஆண்டில் ஏ1 கிராண்ட் பிரீ பந்தயத்தில் இந்தியாவுக்காக ஓடியபோது அவருக்கு வயது பதினாறுதான்.

இக்குடும்பங்களை எண்ணும்போது, வாகனப் பற்று இரத்தத்தில் வருவதே என்று கூறத் தோன்றும். சற்று நிதானித்துப் பார்ப்போம். இவ்வீடுகள் அனைத்திலும் பிள்ளை கண் விழித்தபோதே வாகனம் கண்ணெதிரே இருந்தது. கேட்டால் விடை சொல்லத் தந்தை இருந்தார். தவறினால் திருத்த ஆள் இருந்தது. பயிற்சிக்கு வேண்டிய பொருளும் இருந்தது. மறுபுறம், உலக வெற்றியாளர் பட்டத்தை ஏழு முறை வென்ற லூயிஸ் ஹாமில்டனை எண்ணிப் பாருங்கள். அவர் தந்தை பந்தய வீரர் அல்லர், செல்வரும் அல்லர். மகனின் பயிற்சிக்காக ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்து பொருள் திரட்டியவர். அவ்வீட்டில் வழிவழி வந்த வாகனப் பெருமை ஏதுமில்லை. உழைக்கும் தந்தையும், அவ்வுழைப்பைக் கண்ணால் கண்ட மகனும் இருந்தனர்.

மோட்டார் வாகன வரலாற்றின் தொடக்கத்திலும் ஒரு குடும்பமே நிற்கிறது. நம் தாய்மார்கள் அறிய வேண்டிய செய்தி இது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் மோட்டார் வண்டியைப் படைத்தார். ஆயினும் மக்கள் அதனை நம்பவில்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, தம் இளம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் நகரிலிருந்த தம் தாய் வீடு வரை நூறு கிலோ மீட்டருக்கும் மேல் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். எரிபொருள் தீர்ந்தபோது வழியில் மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கிப் பொருத்தச் செய்தார். மேடு வந்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். அந்தப் பிள்ளைகள் தாயிடம் கற்றது வண்டியின் மீதுள்ள மோகத்தையா, இடையூறு வந்தபோது இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் அறிவையா? சொல்லாமலே விளங்கும்.

பட்டறையில் ஒரு பெரியவர்

இந்த எண்ணங்களோடு திருச்செங்கோட்டுப் பட்டறைகளைச் சுற்றினோம். ஒருபுறம் வெல்டிங் பொறி பறக்கிறது. மறுபுறம் லேத் பட்டறையில் குழாய்க்கு மரை வெட்டுகின்றனர். இன்னொரு பக்கம் டிங்கரிங், பெயிண்டிங், சீட்டுத் தையல். லாரியோடும் பேருந்தோடும் தொடர்புடைய இந்தக் கைத்தொழில்களில் தமிழகமெங்கும் நம் சமுதாயத்தார் பலர் ஈடுபட்டிருப்பதை அறிவோம். இங்கும் அவ்வாறே.

லுஹர் தொழுகைக்குப் பின், கூடு கட்டும் தொழிலில் முதுமையடைந்த பெரியவர் ஒருவரோடு உரையாடும் வாய்ப்புக் கிட்டியது. அவர் பாட்டனார் சேலத்தில் ஜட்கா வண்டி ஓட்டியவர். தந்தையார் லாரியில் கிளீனராகச் சேர்ந்து ஓட்டுநராக உயர்ந்தவர். இவர் சிறுவயதில் தச்சுப் பலகை சுமந்து, பின்னர் கூடு கட்டக் கற்று, தனிப் பட்டறை வைத்தவர். பிள்ளைகள் மூவரில் ஒருவர் ஆசிரியர், ஒருவர் வளைகுடாவில் கணக்கர், ஒருவர் மட்டுமே பட்டறையில். குதிரையில் தொடங்கி லாரி வரை வந்த அந்தக் குடும்பத்திலேயே வாகனம் மூவரில் ஒருவரைத்தான் பற்றியிருக்கிறது. இரத்தம் மூவருக்கும் ஒன்றுதானே!

இப்போது பேரன் பாலிடெக்னிக்கில் இறுதி ஆண்டு. படிப்பை விட்டுவிட்டு, நண்பர்களோடு கடன் வாங்கி ரிக் எடுக்க வேண்டும் என்று நிற்கிறான். "நம்ம இரத்தத்திலேயே வண்டி ஓடுதுங்க" என்பது அவன் வாதம். வீட்டில் தாய்க்கு உறக்கமில்லை. தந்தைக்கு உள்ளூரப் பெருமை. முடிவு பாட்டனார் கையில்.

"ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வருமுங்க பாய்" என்றார் பெரியவர். "வண்டி வழியில நின்னுபோச்சுன்னா நமக்குத் தூக்கம் வரக் கூடாது. கூட வந்த ஆளுங்க சாப்பிட்டாங்களான்னு மனசு கேக்கணும். அந்தக் கவலை அவனுக்கு வந்திருக்குதான்னுதான் நான் பாக்கறேன்."

பேரனுக்கு அவர் விதித்திருக்கும் நிபந்தனை இதுதான். முதலில் படிப்பை முடிக்க வேண்டும். பிறகு ஒரு பருவம் வேறொருவர் ரிக்கில் உதவியாளாகச் சென்று, குழாய் திருகி, புழுதி குடித்து, வண்டிக்கடியில் படுத்துறங்கி வர வேண்டும். திரும்பி வந்த பின்னும் ஆசை இருந்தால், வட்டிக் கடன் இல்லாமல், உறவினரோடு பங்கு சேர்ந்து தொடங்க அவரே முன்னின்று உதவுவார். பேரன் இன்னும் சம்மதிக்கவில்லை. பெரியவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கோபமின்றி அவர் இதைச் சொல்லும் விதத்தில், சிறுவயதில் தம் தந்தையும் தம்மிடம் இப்படித்தான் நடந்துகொண்டார் என்பது புலப்பட்டது. அந்தக் குடும்பத்தில் வழிவழி வருவது எது என்பதும் அங்கே தெளிவாயிற்று.

மூவகை வாகனம்

இவ்விடத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை நினைவுக்கு வருகிறது. குதிரை ஒருவருக்கு நற்கூலியாகவும், ஒருவருக்கு வறுமையை மறைக்கும் திரையாகவும், ஒருவருக்குப் பாவச் சுமையாகவும் அமையும் என்ற கருத்தில் அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இறைவழியில் பயன்படுத்துபவருக்கு அது நற்கூலி. பிறரிடம் கையேந்தாமல் பிழைக்கவும், அதில் இறைவனுக்குரிய உரிமையை மறவாமலிருக்கவும் வைத்திருப்பவருக்கு அது திரை. பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் வளர்ப்பவருக்கோ அது சுமை. குதிரை ஒன்றே. உள்ளம்தான் மூன்று. இன்றைய காருக்கும் லாரிக்கும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்துகிறது அன்றோ?

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவின் கருத்தும் இதுவே. இதனை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் இறைவன், நம் ஆற்றலால் ஆனதன்று, நாம் அவனிடமே திரும்பிச் செல்வோர் என்று சொல்லிக்கொண்டே அமர்கிறோம். வேகத்தின் மீது மயக்கம் கொண்ட இளைஞனுக்கு இதைவிடச் சிறந்த கடிவாளம் இல்லை. பொருளறிந்து ஓதக் கற்றுத் தருவது பெற்றோர் கடமை.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டது. அதனைத் தடவி அமைதிப்படுத்திய அவர்கள், உரிமையாளரை அழைத்து, அதனைப் பட்டினி போட்டு மிகுதியாக வேலை வாங்குவது குறித்து எச்சரித்தார்கள். லாரி கண்ணீர் விடாது. ஆனால் அதன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஓட்டுநருக்குக் கண் உண்டு. அளவு மீறிப் பாரம் ஏற்றுவதும், உறங்க நேரம் தராமல் விரட்டுவதும் அந்த எச்சரிக்கைக்குள் அடங்கும். ரிக் தொழிலில் இன்று வடமாநிலங்களிலிருந்து வந்த ஏழை இளைஞர்கள் பலர் உழைக்கின்றனர். அவர்களின் உணவும் உறக்கமும் கூலியும் வண்டி உரிமையாளரின் பொறுப்பு.

தோண்டி முடித்த குழியும் பொறுப்பில் சேர்ந்ததே. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நாடே கண்ணீரோடு எதிர்நோக்கியது. பல நாள் முயற்சிக்குப் பின்னும் உயிரோடு மீட்க முடியவில்லை. நீர் கிடைக்காத குழியை உடனே மூடுவதற்கு ஒரு மூடியும் சிறிது அக்கறையுமே போதும். இதனை நில உரிமையாளரும் ரிக் உரிமையாளரும் தம் பிள்ளைகளுக்குத் தொழிலின் முதல் பாடமாகக் கற்றுத் தர வேண்டும்.

சாவியைக் கொடுக்குமுன்

சொந்த ரிக் இல்லாத வீடுகளிலும் இன்று ஸ்கூட்டரோ காரோ இருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் வண்டி ஓட்டுவதைக் கண்டு, "அப்படியே என்னைப்போல" என்று மகிழும் தந்தையர் நம்மிடையே உண்டு. அந்த மகிழ்ச்சியின் விலையை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உரிய வயதடையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சட்டம் இருக்கட்டும். சாலையில் நடந்து செல்லும் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிருக்கு எந்த அபராதம் ஈடாகும்?

வட்டியைப் பற்றியும் எண்ணிப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தின் துணிவில், தேவைக்கு மீறிய காரை வட்டிக் கடனில் வாங்கி, பின்னர் தவணை கட்ட நகையை அடகு வைக்கும் வீடுகள் உண்டு. அயலார் பார்வைக்காக வாங்கிய வாகனம் வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கிறது. திருச்செங்கோட்டில் பலர் பங்கு சேர்ந்து, இலாபத்திலும் நட்டத்திலும் பங்கேற்றுத் தொழில் செய்வதைக் காண்கிறோம். இத்தகைய கூட்டு முறையை இஸ்லாமிய வணிக நெறி வரவேற்கிறது. தொழிலுக்காக வண்டி வாங்க விரும்பும் இளைஞர்களுக்கு, அந்தந்த ஊர் ஜமாஅத்தும் வசதி படைத்தோரும் இவ்வகையில் துணை நிற்கலாம். ஒருவர் பொருள் தர, ஒருவர் உழைப்புத் தர, வரவைப் பேசியபடி பங்கிட்டுக்கொள்ளும் வழி நம் முன்னோர்க்கு நன்கு பழகியதே.

மகன் மோட்டார் இயந்திரத்தில் நாட்டம் காட்டினால் அதனைத் தடுக்க வேண்டியதில்லை. விடுமுறை நாட்களில் நம்பிக்கையான பட்டறையொன்றில் வேலையைப் பார்க்கச் செய்யுங்கள். டயரின் காற்றைப் பார்க்கவும், எண்ணெய் அளவைப் பார்க்கவும், வண்டியைக் கழுவவும் பழக்குங்கள். செலவுக் கணக்கை அவனையே எழுதச் சொல்லுங்கள். மகளுக்கும் இதே நாட்டம் இருப்பின் அவளுக்கும் கற்றுக்கொடுங்கள். பெர்த்தா அம்மையாரின் தொப்பி ஊசியை மறக்க வேண்டாம். உரிய வயதில் உரிமம் பெற்ற பின் சாவி தானே கைக்கு வரட்டும்.

வாகன ஆசை வழிவழி வருமா என்ற வினாவுக்குச் செங்குன்றின் அடிவாரத்தில் கிடைத்த விடை இதுவே. ஆசைக்கு வழி தேவையில்லை. அது கடைவீதியிலும் கைபேசித் திரையிலும் நாள்தோறும் கிடைக்கிறது. பேணும் பண்பும், உழைப்பவர்மீது இரக்கமும், கடனுக்கு அஞ்சும் நெஞ்சும் மட்டுமே வீட்டில் கிடைப்பவை. தந்தை தராவிட்டால் அவற்றைப் பிள்ளை வேறெங்கும் பெற இயலாது. குதிரையில் வந்த முன்னோர் நமக்கு ஒரு பெயரைத் தந்து சென்றனர். நாம் நம் பிள்ளைகளுக்குச் சாவியோடு எதனைத் தரப் போகிறோம் என்பதை ஒவ்வொரு வீடும் இன்றே எண்ணிப் பார்க்கட்டும்.

நம் வாகனங்களை நமக்குச் சுமையாக்காமல், நன்மைக்குரியவையாக ஆக்கி, நம் மக்கள் செல்லும் பாதைகளிலெல்லாம் பாதுகாப்பளிக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.